பைய விடுங்க

கை காலியாக இருந்தது. கப்பிக்காரனுக்கு முதலில் உறைத்தது அதுதான். ஒரு நொடிக்கு முன்புவரை உள்ளங்கையை அறுத்துக்கொண்டிருந்த கயிறு, தலைக்கு மேல் இருந்த இரும்புச் சக்கரத்தில் கடகடவென்று ஓடி, நுனிவரை போய், தளத்துத் திறப்புக்குள் விழுந்து மறைந்தது. பிறகுதான் கீழேயிருந்து சத்தம் வந்தது. பை விழுகிற சத்தம் அவனுக்கு அத்துப்படி. இது அந்தச் சத்தம் இல்லை.

அதைவிட அவனை உலுக்கியது அதற்குப் பின் வந்த அமைதி. கீழே காலையிலிருந்து ஓயாமல் கதை அளந்துகொண்டிருந்த லாரி டிரைவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தார்கள். அந்தக் கூட்டம் வாயை மூடி அவன் கண்டதே இல்லை.

அது ஒரு பார்சல் கிடங்கு. சரக்கு மேல்தளத்தில் இருக்கும், லாரி கீழே நிற்கும். நடுவில் தளத்தை வெட்டி ஒரு சதுரத் திறப்பு. அதற்கு மேல் ஒரு கப்பி. எந்தச் சரக்கானாலும் முரட்டுக் கித்தானில் தைத்துத்தான் வரும், அதற்கு அங்கே பை என்று பேர். துணிமணி மாதிரி மெத்தென்ற பை என்றால் கீழே நிற்பவன் தள்ளி நின்றுகொண்டு "விடு" என்பான். கயிற்றை விட்டுவிட வேண்டியதுதான், பழைய மெத்தைகள் மேல் போய் விழும். இரும்புச் சாமான் என்றால் கை மாற்றிக் கை மாற்றி இறக்க வேண்டும், கீழ் ஆள் கை தூக்கித் தாங்கிக்கொள்வான். இறுக்கிக் கட்டிய துணியும் இரும்பாகக் கனக்கும், எது எப்படி என்பது சீட்டைப் பார்க்கிற கீழ் ஆளுக்குத்தான் தெரியும். பை தொங்கும்போது திறப்பையே அடைத்துக்கொள்வதால் மேலே நிற்பவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அவனுக்கு இருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதை நம்பித்தான் அவனுக்கு அங்கே வேலையே கொடுத்திருந்தார்கள்.

இரும்புப் படியில் இறங்கினானா உருண்டானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கீழே, மெத்தைகளுக்கு இந்தப் பக்கம், அவன் மச்சினன் கிடந்தான். பெண்டாட்டியின் கூடப் பிறந்த தம்பி. ஊரிலிருந்து வந்து சில வாரம்தான் ஆகிறது. இதுவரை பின்னால் தைக்கிற இடத்தில் இருந்தவனை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கப்பிக்குக் கீழே நிறுத்தியிருந்தார்கள். பை வாய் பிளந்து, கதவுக்குப் போடுகிற இரும்புக் கீல்கள் தரையெல்லாம் சிதறியிருந்தன. மச்சினனின் வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் வலியைவிடத் திகைப்புதான் அதிகம்.

"ஏன் மாமா?" என்றான்.

 நீ சொன்னாய், நான் விட்டேன் என்பதுதான் கப்பிக்காரனிடம் இருந்த பதில். அதை அடிபட்டுக் கிடக்கிறவனிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போகும்வரை ஒரு கீலைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

நடந்தது முழுக்க ஒரு போனில் பதிவாகியிருந்தது. ஒரு டிரைவர் கதை சொல்லிக்கொண்டிருக்க, இன்னொருவர் அதைப் படம் பிடித்திருக்கிறார். மேனேஜர் தன் அறையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து அதைப் போட்டார். அந்த டிரைவரின் மாமனார், மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் வீடு மாறி நுழைந்து, அங்கே சாப்பிட்டு, சாயங்காலம்வரை சம்பந்தம் பேசிவிட்டு வந்த கதை. கப்பிக்காரனுக்கு அதில் ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டே அதைத்தான் அவன் கேட்டிருந்தான். கேட்க வேண்டும் என்றில்லை. டிரைவர்கள் பேசுவது அவன் பிறந்து வளர்ந்த வீட்டுப் பேச்சு, தானாக வந்து காதில் ஒட்டிக்கொள்ளும். மச்சினன் பேச்சு அப்படியில்லை. வேறு இழுப்பு, வேறு வேகம், பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். எதிரில் உட்கார்ந்து பேசினால் எப்படியோ சமாளித்துவிடலாம், கூட்டத்து இரைச்சலில் அவன் பேச்சு கரைந்துபோகும்.

கதையில் அந்த மாமனார், வீடு மாறி நுழைகிற இடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிப்புக்குப் பின்னாலிருந்து மச்சினன் குரல். முன்னால் ஏதோ இரண்டு வார்த்தை புரியவில்லை. பிறகு, "பைய விடுங்க மாமா, பைய விடுங்க." அடுத்து அந்தச் சத்தம்.

மேனேஜர் மறுபடியும் போட்டார். அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"பைய விடுங்கன்னுதான் சொல்றான்," என்றார் மேனேஜர்.

"ஆமா சார், எனக்கும் அப்படித்தான் கேக்குது," என்றார் படம் பிடித்த டிரைவர்.

கப்பிக்காரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேனேஜர் அதையும் நீடிக்க விடவில்லை.

"ஆனா எனக்கு ஒண்ணு புரியலய்யா. தன் தலைக்கு மேல தொங்குற பைய எவனாச்சும் விடச் சொல்லுவானா?"

  எல்லார் பார்வையும் கப்பிக்காரன் பக்கம் திரும்பியது. காலையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மச்சினன் ஏதோ கேட்க, இவன் டிரைவர்கள் முன்னால், "ஒண்ணும் புரியலடா, வாயத் தொறந்து மனுஷங்க மாதிரி பேசு" என்று சொல்லியிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன் முகம் சுண்டிப்போய், "உங்க காதத் தொறந்து வைங்க மாமா" என்று திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான் சண்டை. மத்தியானத்துக்குள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது.

"ஆம்புலன்ஸ்லயே சொல்லிட்டானாம், மாமா வேணும்னே விட்டுட்டாருன்னு," என்றார் மேனேஜர். "சாயங்காலம் போலீஸ் ஆஸ்பத்திரிக்குப் போகுது. அவன் வாயால அதையே சொன்னான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. போய் எப்படியாவது பேசு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் மனசில் ஒரே ஒரு நம்பிக்கைதான். ஊர் நம்பாவிட்டால் போகிறது, பையம்மா நம்புவாள்.

பையம்மா அவன் பெண்டாட்டி. பேர் அவன் வைத்தது. கல்யாணமாகி வந்து இறங்கிய அன்றைக்கு வண்டியிலிருந்து சாமான்களை இறக்கும்போது, "பைய, பைய" என்று அவள் போட்ட கூப்பாட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படி என்னதான் வைத்திருக்கிறாளோ அந்தப் பையில் என்று அவன் தங்கைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் காலையில் அவன் பையம்மா என்று கூப்பிட்டான், அவளும் திரும்பிப் பார்த்தாள், பேர் நிலைத்துவிட்டது. கெட்டிக்காரி. வந்த புதிதில் அவள் பேச்சும் அவள் தம்பி பேச்சு மாதிரிதான் இருந்தது. ஒரே மாதத்தில் அதையெல்லாம் உதறிவிட்டு அவன் வீட்டில் பிறந்தவள் மாதிரியே பேச ஆரம்பித்துவிட்டாள். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. தம்பி வந்தால் மட்டும் இரண்டு பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்து பழைய பேச்சுப் பேசுவார்கள். இவன் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொள்வான்.

அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு துணிப்பையில் தம்பியின் வேட்டி, துண்டு, தட்டு, டம்ளர். கண் வீங்கியிருந்தது. அந்தப் படம் அவள் போனுக்கும் வந்திருந்தது.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"கேட்டியா? அவன் என்ன சொல்றான்னு கேட்டியா?"

"கேட்டேன். ஒரு தடவதான் கேட்டேன். அதுக்கு மேல முடியல."

"நல்லதாப் போச்சு. நீயே சொல்லு. பைய விடுங்கன்னு சொல்றானா இல்லையா?"

அவள் கை அப்படியே நின்றது. "சொல்றான்."

"அப்பாடா," என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "அதத்தான் நானும் தலையால அடிச்சுக்கிறேன். பைய விடுங்கன்னு சொன்னான். என் காதுல நல்லா விழுந்துச்சு. விட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. நான் என்ன செவிடனா?"

"பைய விடுங்கன்னு அவன் சொன்னது காதுல விழுந்தும் விட்டீங்களா?"

"சொன்னா விடாம?"

துணிப்பை அவள் கையிலிருந்து நழுவியது. டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவள் அதை எடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் இரண்டு அடி பின்வாங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனைப் பார்த்துப் பின்வாங்கியது அதுதான் முதல் தடவை.

"தெரியாம நடந்திருக்கும்னு நெனச்சேன்," என்றாள். குரல் உடைந்திருந்தது. "சத்தத்துல கேட்டிருக்காது, அவர் அப்படிப்பட்டவர் இல்லன்னு எங்க அம்மாகிட்ட போன்ல அடிச்சுச் சொன்னேன். நீங்க என்னன்னா கேட்டுச்சு, விட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றீங்க."

"ஏய், அவன் சொன்னதத்தானடி செஞ்சேன்."

"இனிமே என்கிட்ட பேசாதீங்க."

துணிப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். கப்பிக்காரனுக்குத் தலை சுற்றியது. இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறார்கள். அவளும் ஒத்துக்கொள்கிறாள். ஒத்துக்கொண்டே அவனைக் கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ என்று போனை எடுத்துக் காதோடு வைத்து இன்னொரு தடவை கேட்டான். பைய விடுங்க மாமா, பைய விடுங்க. பை. வேறு என்ன இருக்கிறது அதில்?

அவன் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். நீண்ட வார்டு, கட்டிலுக்குக் கட்டில் ஒரு குடும்பம், ஆளாளுக்கு ஒரு பேச்சு. யாரோ அழுதார்கள், யாரோ யாரையோ சாப்பிடச் சொல்லி அதட்டினார்கள். மச்சினன் தலைமாட்டில் பையம்மா. கால்மாட்டில் ஒரு போலீஸ்காரர், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிக்கடி "என்ன, என்ன, சத்தமா சொல்லு" என்று குனிந்தார். அந்த இரைச்சலில் மச்சினன் சொல்வதில் பாதி அவருக்கு ஏறவில்லை. பையம்மாதான் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கப்பிக்காரனைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"நீதான் கயித்தப் புடிச்சிருந்தவனா?" என்றார் போலீஸ்காரர். "என்ன நடந்துச்சு, நீயே சொல்லு."

 உண்மையைச் சொன்னால் போதும் என்று கப்பிக்காரன் நினைத்தான். "சார், இவன் கீழேருந்து பைய விடுங்கன்னு கத்துனான். எனக்குக் கேட்டுச்சு. விட்டுட்டேன். இதான் சார் சத்தியம்."

"பாருங்க சார்," என்றான் மச்சினன். வலியோடு தலையைத் தூக்கினான். "அவரே ஒத்துக்கிறாரு."

போலீஸ்காரர் இவனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "இரு, இரு. அவன் சொன்னத செஞ்சேன்னு இவன் சொல்றான். நீ அத ஒத்துக்கிறாருங்கற. பைய விடுன்னு நீ சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் சார்."

"அப்புறம் என்னய்யா?"

"அப்புறமும் விட்டுட்டாரே சார்."

கப்பிக்காரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாரும் சேர்ந்து தன்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார்களா என்ன?

அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்தார். தோள் கட்டை மாற்ற வேண்டுமாம். பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மச்சினன் கையின் கீழே தன் கையைக் கொடுத்துத் தூக்கினார். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அலறினான்.

"பைய... சிஸ்டர், பைய எடுங்க, பைய..."

பக்கத்துக் கட்டிலில் ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருந்தது. நர்ஸ் கையை அப்படியே கீழே வைத்தார். குனிந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்த துணிப்பையை இழுத்து எடுத்து அவன் வயிற்றின் மேல் வைத்தார்.

"இந்தாங்க உங்க பை. யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. கண்ணெதிர்லயே இருக்கட்டும்."

மச்சினன் வாய் திறந்தபடி இருந்தது. வயிற்றின் மேல் இருந்த பையைப் பார்த்தான். நர்ஸைப் பார்த்தான்.

"பை கேக்கல சிஸ்டர். பைய எடுங்கன்னேன்."

"அதான் எடுத்துட்டேன்ல?"

பையம்மாவின் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்ததைக் கப்பிக்காரன் பார்த்தான். அவள் முகம் வெளுத்து, உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது. பிறகு திக்கித் திக்கிச் சொன்னாள்.

"மெதுவா. சிஸ்டர், அவன் மெதுவா எடுங்கன்னு சொல்றான். எங்க பேச்சுல பையன்னா மெதுவா. பையப் போ, பையப் பேசு, பைய விடு. மெதுவா விடு."

கப்பிக்காரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெதுவா விடுங்க மாமா. மெதுவா விடுங்க. தலைக்கு மேல் கனத்த பை தொங்க, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றவன் வேறு என்ன சொல்லியிருப்பான்? காலையிலிருந்து அவன் மேனேஜரிடமும் பெண்டாட்டியிடமும் போலீஸிடமும் சத்தியம் செய்தது எல்லாம் அவன் நினைவுக்கு வந்தது. மெதுவா விடச் சொன்னான், கேட்டேன், போட்டுவிட்டேன். வாய்க்கு வாய் அதைத்தான் சொல்லியிருக்கிறான்.

"எனக்குத் தெரியாதுடா," என்றான். வேறொன்றும் வரவில்லை. "நீ பையத்தான் விடச் சொல்றன்னு நெனச்சேன். இந்தப் பைய." துணிப்பையைத் தொட்டுக் காட்டினான். 

மச்சினன் அவன் விரலையே பார்த்தான். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. "அப்ப நாந்தான் விடச் சொன்னேனா மாமா?" என்றான்.

போலீஸ்காரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே பாஷதானய்யா பேசுறீங்க," என்றார். திட்டுகிற மாதிரிதான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அவர் குரலும் இறங்கிவிட்டது.

நர்ஸ் கட்டு மாற்றும்வரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். நடையில் கப்பிக்காரனும் பையம்மாவும் சுவரோரம் நின்றார்கள். கண்டம் தப்பியது என்று அவன் நிம்மதியாகியிருக்க வேண்டும். பெண்டாட்டி முகத்தில் இன்னும் தெளிவு வரவில்லை.

"நெஜமாவே உங்களுக்கு அந்த வார்த்த தெரியாதா?" என்றாள்.

"தெரியாதும்மா. சாமி சத்தியமா தெரியாது. இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"தெரியாமலா எனக்குப் பேரு வச்சீங்க?"

"எந்தப் பேரு?"

"பையம்மான்னு."

"அது நீ வந்து எறங்குன அன்னைக்கு, பைய பையன்னு கத்துனியே. நானும் என் தம்பிங்களும் கண்ணாடி மேசைய எறக்கிட்டிருந்தோம், நீ மேசையக் கண்டுக்காம பைய எறக்குங்க, பைய எறக்குங்கன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். அவன் சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. அன்றைக்கு அவன் மேசையை விட்டுவிட்டுப் பையைத் தாங்கிப் பிடிக்கத்தான் ஓடினான். மேசை சாய்ந்தது. கண்ணாடி உடைந்தது. அவளோடு வந்த சாமானிலேயே உருப்படியான சாமான் அது. இன்றைக்கும் வீட்டில் வெறும் சட்டத்தோடு நிற்கிறது.

"நான் மேசையத்தான் சொன்னேன்," என்றாள் அவள். "எல்லாரும் சிரிச்சீங்க. நான் பேசுறது கேவலமா இருக்குன்னு சிரிக்கிறீங்கன்னு நெனச்சேன். மறுநாள் அதையே எனக்குப் பேரா வச்சீங்க. பேரச் சொல்லிக் கூப்புடுறப்பல்லாம் என் பேச்சச் சொல்லிக் காட்டுறீங்கன்னுதான் இத்தன வருஷமும் நெனச்சிட்டிருந்தேன். அன்னைக்கு விட்டதுதான் அந்த வார்த்தைய. உங்க வீட்டு ஆளுங்க முன்னாடி அப்புறம் ஒரு நாளும் அது என் வாயில வரல."

வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அத விடாம இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றாள். "இன்னைக்கு மெதுவா விட்டிருப்பீங்க."

கப்பிக்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.  ஆசையாக வைத்த பேர் என்றுதான் அவன் நினைத்திருந்தான். சமையல்கட்டு வாசலில் நின்று, தெருமுனையில் நின்று, ஜனங்களுக்கு நடுவில் எத்தனை தடவை அந்தப் பேரைக் கத்திக் கூப்பிட்டிருப்பான். ஒவ்வொரு தடவையும் அவள் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து மச்சினனைத் தள்ளுகட்டிலுக்கு மாற்றுகிற சத்தம் வந்தது. வார்டு ஆட்கள் இரண்டு பேர், சுற்றிலும் அதே இரைச்சல், நடுவில் அவன் முனகல். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தனை அந்நியர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, தொண்டையைத் திறந்து, அவள் அம்மா வீட்டுக் குரலில் சொன்னாள்.

"பைய. பையத் தூக்குங்க."

வார்டு ஆட்களில் ஒருவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கப்பிக்காரன் பின்னாலேயே ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தான். "பை இல்லைங்க. மெதுவான்னு சொல்றாங்க."

மெதுவாகவே தூக்கினார்கள். தள்ளுகட்டில் நடையில் நகர்ந்தது, அவள் தம்பியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். துணிப்பை கட்டிலிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அவளைக் கூப்பிடக் கப்பிக்காரன் வாயைத் திறந்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.